கோமுகியில் வைத்த பாட்டில்

நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தரம் பழைய ஆபீசுக்குப் போய்க் காட்ட வேண்டும். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு சட்டம். சர்வீஸ் முழுக்க ஒரு ஆறு உயிரோடு இருக்கிறதா என்று பாட்டிலில் பிடித்துப் பார்த்தவன் நான். இப்போது என்னைப் பார்க்கிறார்கள். நியாயம்தான்.

இந்த வருஷம் போனபோது லேபில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பாலத்தடியில் இப்போது ஒரு இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு குழாய் ஆற்றுக்குள் இறங்கி, தண்ணீரின் யோக்கியதையை உடனுக்குடன் இவர்களுக்குச் சொல்லுமாம். அன்றைக்குச் சொல்லவில்லை.

"ஏழுமலை அண்ணா, மெஷின் மூக்குல என்னமோ அடைச்சிக்கிச்சு. ஆறு எப்படி இருக்குன்னே தெரியல."

"ஜன்னலைத் திறங்கப்பா, தெரியும்" என்றேன்.

சிரித்துவிட்டு, "அந்தக் காலத்துல எப்படிப் பார்த்தீங்கன்னு எங்க சங்க மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி.யே ஒரு பாடத்தில் நின்றுபோனது. இருந்தாலும் கேட்டார்களே என்று எழுதுகிறேன். அந்த ஏழுமலையான் பெயரை வைத்துக்கொண்டு பொய் எழுத மாட்டேன். அங்கங்கே கொஞ்சம் கூடுதலாக வந்தால் அவன் பொறுத்துக்கொள்வான், அவனுக்கு என்னைத் தெரியும்.

முதலில் ஆற்றைப் பற்றி. பெங்களூருக்கு ஆறு கிடையாது என்று படித்தவர்கள்கூடச் சொல்வார்கள். ஆறு இருக்கிறது. விருஷபாவதி என்று பெயர். பசவனகுடியில் பெரிய நந்தி உட்கார்ந்திருக்கிறாரே, அவர் காலடியில் பிறக்கிறது என்பது ஐதீகம். ஈசனுக்குத் தலையில் கங்கை, வாகனத்துக்குக் காலடியில் இது. கார்த்திகை மாசம் அங்கே கடலைக்காய்ப் பரிஷை என்று ஒரு திருவிழா நடக்கும். ஊரே போய் நந்திக்குக் கடலை படைத்துவிட்டு, தானும் தின்றுவிட்டு, தோலைக் கீழே போட்டுவிட்டு வரும். ஆறு எங்கே பிறக்கிறது என்று ஒருத்தரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் சிமெண்ட் மூடிதான் தெரியும்.

எங்கப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் மில்லுக்கு வேலைக்கு வந்தவர். அவரும் அவர் சேக்காளிகளும் ஆடி அமாவாசைக்கு அந்த ஆற்றில்தான் தலை முழுகினார்களாம். "மணல் தெரியும்டா, கால்ல மீனு கடிக்கும்" என்பார். அவர் குளிப்பதற்காக அந்த ஆற்றில் இறங்கினார். நான் அதில் இறங்கினால் வந்து குளிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் இதுதான்.

அப்புறம் மில் வந்தது, சாயப் பட்டறை வந்தது, பீன்யாவில் ஃபேக்டரிகள் வந்தன, எல்லார் வீட்டிலும் கக்கூஸ் வந்தது. எல்லாம் நல்லதுதான். எல்லாவற்றின் மிச்சமும் ஒரே இடத்துக்கு வந்ததுதான் வினை. மைசூர் ரயிலில் போகிறவர்கள் கெங்கேரி வந்துவிட்டதா என்று போர்டைப் பார்க்கத் தேவையில்லை, தூங்குகிறவன்கூட எழுந்து ஜன்னலைச் சாத்துவான். காவிரிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்கிற ஊர், இந்த ஆற்றுக்காக யாரோடும் சண்டை போட்டதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதுவும் அர்க்காவதியில் சேர்ந்து, காவிரியில் சேர்ந்து, கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது. ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நாங்கள் இங்கிருந்து அனுப்பும் சீர்வரிசை.

ஒரு மழை வருஷம் ஆற்றில் தண்ணீர் நிறைய வந்ததென்று ஒரு தலைவர் பாகினம் விட வந்தார். நிறைந்த ஆற்றுக்கு முறத்தில் சேலை, வளையல், மஞ்சள், குங்குமம் வைத்து விடுவது கன்னட தேசத்து வழக்கம். ஒரு கையால் முறத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைக்குட்டையை மூக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது ஆளுயரத்துக்கு நுரை புரண்டு வந்து முறத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. "தாயி ஏத்துக்கிட்டா" என்று பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார். எனக்கென்னவோ, தாயி நாக்கைத் துருத்தினாற்போலத்தான் இருந்தது.

நான் வேலையில் சேர்ந்தது ஃபீல்ட் அட்டெண்டராக. ஆற்றில் அங்கங்கே குறித்த இடத்தில் தண்ணீர் பிடித்து லேபுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கற்றுக்கொள்ள ஒரு மாசம்கூட ஆகவில்லை. எங்கள் லேபை நடத்திய டிசோசா மேடம் திருப்தியாக ஒரு "ஆய்த்து", அதாவது கன்னடத்தில் "ஆச்சு", சொல்லத்தான் பல வருஷம் ஆனது.

மேடம் மங்களூர் கிறிஸ்தவர், வளர்ந்தது கன்டோன்மென்ட். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். ஆளைத் திட்ட மாட்டார். நாம் சொன்னது நம்பும்படி இல்லையென்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாமே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டைரக்டரே அந்தத் துடைப்புக்கு பயப்படுவார்.

முதல் நாள் ஆற்றங்கரையில் நான் வழக்கப்படி தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எந்த ஆறானாலும் எனக்கு அது பழக்கம்.

"ஏழுமலை, அது தீர்த்தம் இல்ல."

"கங்கை மாதிரிதானே மேடம் எல்லாம்."

"கங்கைலயும் நான் கையுறை போட்டுத்தான் தொடுவேன்." ஒரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினார். "சாமி கும்பிடணும்னா இதப் போட்டுட்டுக் கும்பிடுங்க."

அன்று முதல் ரிட்டையர் ஆகும்வரை ஆரஞ்சுக் கலர் கையுறையோடு ஆற்றைக் கும்பிட்ட ஒரே வைஷ்ணவன் நான்தான்.

முறையைச் சொல்கிறேன். பாட்டிலை அதே ஆற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வாயைக் காட்டி அமுக்க வேண்டும். கண்ணாடி மூடியைச் சரித்துப் போட வேண்டும், உள்ளே ஒரு பொட்டுக் காற்று நிற்கக்கூடாது. நின்றால் கொட்டிவிட்டு மறுபடியும். அப்புறம் கரையிலேயே இரண்டு மருந்து விட்டுக் குலுக்க வேண்டும். பழுப்பாகப் படிந்தால் தண்ணீரில் பிராணவாயு இருக்கிறது, மீன் பிழைக்கும் என்று அர்த்தம். வெள்ளையாகப் படிந்தால் ஒன்றும் இல்லை. ஊருக்குள் எங்கே பிடித்தாலும் வெள்ளைதான். பாலில் மாவைக் கரைத்தது போல இறங்கும். "பொய் சொல்லாத பாட்டில்" என்பார் மேடம்.

இப்போது மேடம் அந்த "ஆய்த்து" சொன்ன கேஸ்.

கெங்கேரி தாண்டி ஆற்றோரத்தில் எல்லம்மா என்று ஒரு அம்மா, கீரைத் தோட்டம். பரம்பரையாகத் தோட்டக்காரக் குடும்பம், வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். வயசு என்னைவிடக் கொஞ்சம் கூட, வாய் ரொம்பவே கூட. ஒரு நாள் பால் கேனோடு ஆபீசுக்குள் நுழைந்து மேடம் மேஜைமேல் ணங்கென்று வைத்தார். உள்ளே தண்ணீர். எலுமிச்சம்பழ நிறம்.

"என் கெணத்துத் தண்ணி. காபி போட்டுக் குடும்மா."

"காபிக்கு வேண்டாம்மா. மாடு குடிக்குதா?"

"ஒண்ணு ஆத்துத் தண்ணி குடிச்சுச் செத்துப் போச்சு. இன்னொண்ணுக்கு டவுன்லேந்து டேங்கர் தண்ணி வாங்கி ஊத்தறேன். மாட்டுக்கு மினரல் வாட்டர் குடுக்கறது இந்த ஊர்ல நான் ஒருத்திதான்." அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார். "கெணறு போச்சுன்னா தோட்டம் போச்சும்மா. பையன் வீட்டு மனை போடற லேஅவுட்காரனுக்கு வித்துடலாம்கறான். அந்த லேஅவுட்காரன் தெனமும் பைக்கில வந்து நிக்கறான். நான் இன்னும் கையெழுத்து போடல."

எல்லம்மா தோட்டத்துக்கு மேலே, ஆறு வருகிற பக்கம், ஒரு முலாம் ஃபேக்டரி. பெயர் எழுதப் போவதில்லை. பைக்குக்கும் காருக்கும் பளபளவென்று முலாம் பூசுகிற இடம். குரோமியம் என்கிற மருந்து அங்கே தொட்டி தொட்டியாக இருக்கும், மஞ்சளாக. சந்தேகம் யாருக்கும் வரும். ஆனால் ஏற்கனவே இரண்டு தரம் ஆபீசர்கள் போய்ப் பார்த்து, ஆற்றுப் பக்கம் குழாய் எதுவும் இல்லை என்று திரும்பியிருந்தார்கள்.

நாங்களும் போனோம். முதலாளி வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் காலணா அளவு குங்குமம், கையில் பிரசாதத் தட்டு. வெண்பொங்கல். நெய் சொட்டியது. சாப்பிட்டுவிட்டுத்தான் ஆற்றுப் பக்கம் போனோம், அதில் தப்பில்லை, பிரசாதத்தை மறுக்கக்கூடாது.

பின்பக்கம் நீளமான மதில். மதில் ஓரமாக, ஆற்றைப் பார்த்தபடி ஒரு சின்ன சிவன் கோயில். முதலாளி கட்டியது. உள்ளே தேங்காய் அளவு லிங்கம். அபிஷேகத் தண்ணீர் வெளியே வருவதற்குப் பசு முகம் போலக் கல்லில் ஒரு வாய் செதுக்கியிருந்தது. அதைத்தான் கோமுகி என்போம். சிவன் கோயிலில் வலம் வருகிறவர்கள் கோமுகியைத் தாண்டக்கூடாது. அதுவரை போய், வந்த வழியே திரும்பிவிட வேண்டும். நான் பெருமாள் கட்சிதான், ஆனாலும் ஈசன் சட்டமும் எனக்குச் சட்டம்தான். கம்பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போனேன், கோமுகிவரை வந்தேன், திரும்பினேன். எங்களுக்கு முன்னால் வந்த ஆபீசர்களும் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள்.

மேடம் கோயிலுக்குள் வரவில்லை. தூரத்தில் கரையிலேயே நின்று கோமுகியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு விரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கோயிலுக்கு மேலே பிடித்த பாட்டில், கீழே பிடித்த பாட்டில், இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினோம்.

"ஏழுமலை, உங்க சாமிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிப்பாட்டுவாங்க?"

"சின்னக் கோயில் மேடம். காலைல ஒரு தரம். பிரதோஷம்னா சாயந்திரமும்."

"இப்ப மத்தியானம். கதவு பூட்டியிருக்கு. பூசாரி இல்ல."

"ஆமா மேடம்."

"அப்ப அது என்ன தண்ணி?"

"கல்லுல ஊறி நிக்கிறது கொஞ்சங் கொஞ்சமா சொட்டும் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கெங்கேரி பஸ் ஸ்டாண்ட் வருகிறவரை துடைத்தார்.

லேபில் பார்த்தால், கோயிலுக்கு மேலே பிடித்ததில் வெறும் சாக்கடை. கீழே பிடித்ததில் சாக்கடையோடு குரோமியம். இடையில் மதிலும் சாமியும் தவிர வேறெதுவும் இல்லை.

"கோமுகியில ஒரு பாட்டில் வைக்கணும்" என்றார் மேடம்.

"பாவம் மேடம். அபிஷேகத் தண்ணிய டெஸ்ட் பண்றது சாமிய டெஸ்ட் பண்ற மாதிரி."

"நான் வைக்கறேன்னா, நாளைக்கே கிறிஸ்தவப் பொம்பள லிங்கத்து மேல கை வெச்சான்னு ஊர் பேசும். என் வேலை போனாப் பரவாயில்ல. ஆனா பேச்சு அந்தப் பக்கம் போயிடும், அந்தக் கெணறு மறந்து போயிடும்." பாட்டிலைத் துடைத்து வைத்தார். "உங்களுக்கு ஆர்டர் போட மாட்டேன். சாமி விஷயம். யோசிங்க."

ஆர்டர் போட்டிருந்தால் சுலபம். ஆபீசர் சொன்னார், செய்தேன் என்று ஈசனிடம் கைகாட்டி விட்டிருக்கலாம்.

நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. என் சம்சாரம் வசந்தா கேட்டாள், சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"திருப்பதியிலேந்து தீர்த்தம் எதுல கொண்டாந்த?"

"பாட்டில்ல."

"அப்ப பாவம் இல்லியா?"

"அது குடிக்கறதுக்கு. இது சந்தேகப்படறதுக்கு."

"சாமிய யாரு சந்தேகப்பட்டாங்க? சாமி தலைல எவன் என்னா ஊத்தறான்னுதான கேக்கறாங்க. உன் தலைல ஒருத்தன் தெனமும் ஆசிட் ஊத்துனா நான் யாருன்னு கேக்க மாட்டனா?" சாம்பாரை ஊற்றினாள். "கேக்காம இருக்கறதுதான் பாவம். சாப்புடு."

இப்படி ஒரு வியாக்கியானத்தை நான் எந்த உபன்யாசத்திலும் கேட்டதில்லை. இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லம்மா போன் செய்தார். "நாமக்காரரே, காலைலேந்து ஆறு மஞ்ச குளிக்குது. வர்றீங்களா, இல்ல பூஜை முடிஞ்சு பொரி வாங்க வர்றீங்களா?"

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் ஃபேக்டரிக்கு ஃபேக்டரி திருவிழா. லேத்துக்கு மாலை, டிரில்லுக்குக் குங்குமம், வாசலில் பூசணிக்காய். அதற்கு முந்தின நாள் எல்லா இடத்தையும் கழுவுவார்கள். தொட்டிகளையும்தான். வருஷம் பூரா சேர்ந்த கசடு அன்றைக்குத்தான் வெளியே போகும். வருஷத்தில் பக்தி அதிகமாகப் பொங்குகிற நாளுக்கு முதல் நாள் ஆறு மிகவும் மோசமாக இருக்கும். நாங்கள் பாட்டில் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போக மாட்டோம், எங்கள் ஜீப்பையும் கழுவ வேண்டுமே.

அன்று போனோம். மேடம் முதலாளி கையில் நோட்டீஸ் கொடுத்தார். சட்டப்படி சாம்பிள் எடுப்பதென்றால் அவருக்கு முன்னால் எடுத்து, இரண்டு கேனாகப் பிரித்து, அரக்கு வைத்து, அவர் கையெழுத்து வாங்க வேண்டும். ஒளிந்து பிடித்தது செல்லாது.

"நாளைக்குப் பூஜை. இன்னிக்கு என்ன மேடம் இது?" என்று சிரித்தார் முதலாளி. "எடுங்க. குழாய் எங்க இருக்கோ, அங்க எடுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கம்பூட்ஸைக் கழற்றினேன். குழாயடியில் காலைக் கழுவினேன். லிங்கத்துக்கு நேரே நின்று கும்பிட்டேன். "அப்பனே, நான் உன்னைக் கேட்கவில்லை" என்று மனசில் சொல்லிவிட்டுக் கோமுகி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

பசு வாயிலிருந்து தடதடவென்று மஞ்சள் கொட்டியது.

"மஞ்சள் அபிஷேகம்" என்றார் முதலாளி. "விசேஷ நாளாச்சே."

கோயிலைச் சுற்றிக் கழுவிக்கொண்டிருந்த ஃபேக்டரி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எல்லாம் நம்ம ஜனம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். வந்தவர்கள் லிங்கத்தைக் கும்பிட்டார்கள், விபூதி எடுத்துப் பூசினார்கள். எந்தக் கோயிலிலும் கோமுகித் தண்ணீரை ஜனம் இரண்டு சொட்டாவது தலையில் தெளித்துக்கொள்ளும். இங்கே ஒரு கைகூட அந்தப் பக்கம் வரவில்லை.

நான் கையுறையைப் போட்டுக்கொண்டு பாட்டிலை எடுத்தேன்.

"ஏய், என்ன பண்றே?" முதலாளி குரல் மாறியது. "தீர்த்தத்தை டெஸ்ட் பண்றதா? மேடம், இது எங்க சாமி. உங்களுக்கு இதுல என்ன வேலை?"

மேடம் தானே பாட்டில் வைக்காமலிருந்தது இதற்காகத்தான். ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. நாமம் போட்டவன் நான் ஒருத்தன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது பின்னாலிருந்து எல்லம்மா குரல்.

"மொதலாளி சொல்றது சரிதான். சாமி தீர்த்தத்த எதுக்கு டெஸ்ட் பண்ணணும்?" கரையோரமாகவே நடந்து வந்திருக்கிறார். கையில் பித்தளை டம்ளர். எங்களைத் தாண்டி நேராகக் கோமுகிக்கு வந்து டம்ளர் நிறையப் பிடித்தார். "தீர்த்தம் குடிக்கறதுக்குத்தான். மொத மரியாதை கோயில் கட்டுனவருக்கு. ஒரு வாய் எடுத்துக்குங்க மொதலாளி. நீங்க குடிச்சா நானும் குடிக்கறேன். என் மாட்டுக்கும் ஊத்தறேன். தோட்டத்த லேஅவுட்காரன் பேர்ல எழுதிக் குடுத்துட்டு என் பாட்டுக்குப் போறேன்."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மனுஷன் பக்தி பொய்யில்லை. தீர்த்தம் என்று யாராவது நீட்டினால் நம் கை யோசிக்காது. இடது கை கீழே, வலது உள்ளங்கை மேலே, குவிந்து தானாக நீளும். அவர் கையும் அப்படித்தான் நீண்டது. எல்லம்மா ஊற்றிவிட்டார்.

அவர் உள்ளங்கையில் அது மஞ்சளாகத் தேங்கி நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குடிப்பதற்குக் கை வாய்ப்பக்கம் பாதி போய்விட்டது, அவ்வளவு வருஷப் பழக்கம்.

"சார், வேணாம் சார்."

கூட்டத்தில் தொட்டிகிட்ட வேலை செய்கிறவர் ஒருத்தர், நரைத்த தலை.

"கீழ ஊத்திடுங்க சார். குடிச்சிடாதீங்க."

முதலாளி அந்த ஆளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மெதுவாகக் கையைச் சரித்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் மஞ்சளாக நின்றன.

"பிடிச்சுக்குங்க" என்றார் மேடத்திடம், என்னைப் பார்க்காமல்.

பிடித்தேன். அரக்கு உருக்கும்போது மேடம் மெழுகுவர்த்தியைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். முதலாளி இரண்டு கேனிலும் கையெழுத்துப் போட்டார். முடிந்ததும் கோமுகிக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தார்கள். மதிலுக்குள்ளிருந்து வந்த குழாய் பசுவின் பிடரியில் நேராகச் சேர்ந்திருந்தது. அபிஷேகத் தண்ணீருக்கு உள்ளே ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. லிங்கத்தின்மேல் ஊற்றிய தண்ணீரெல்லாம் அத்தனை நாளும் உள்ளேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்தபோதுதான்.

ஜீப்பில் ஏறியதும் மேடம் சொன்னார், "ஆய்த்து." முதல் தரமாக. அவ்வளவுதான்.

குழாயை அடைத்தார்கள். கேஸ் நடந்தது, நடக்கிற வேகத்தில் நடந்தது. முதலாளி ஃபேக்டரியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனார். வேட்டியில் அந்த ஐந்து விரலைப் பார்த்தபின் அவர் எந்தக் கோயிலிலாவது கை நீட்டித் தீர்த்தம் வாங்கியிருப்பாரா என்று இன்றைக்கும் எனக்கு யோசனை வரும்.

நரைத்த தலைக்காரர் வேலை போய்விட்டது. எல்லம்மா அவரைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். "இவன் வாயைத் திறந்ததுனாலதான் எனக்குத் தோட்டம் நின்னுச்சு, கீரைக்குத் தண்ணி கட்டட்டும்" என்றார். கிணறு உடனே தெளியவில்லை. மேடம் ரிட்டையர் ஆகிறவரை அதிலிருந்து பாட்டில் வந்துகொண்டே இருந்தது. நிறம் முதலில் போனது. விஷம் போக இன்னும் பல மழை பிடித்தது. எல்லம்மா ஒவ்வொரு தரமும் "இப்பக் குடிக்கலாமா?" என்பார். மேடம் "இன்னும் இல்ல" என்பார். பையன் கையெழுத்துக்கு நச்சரிப்பதை எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. ஒரு தரம் போனபோது அவனே கீரைக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

கோயில்தான் அனாதையாக நின்றது. பூசாரிக்குச் சம்பளம் கொடுத்தவர் போய்விட்டார். திங்கட்கிழமை திங்கட்கிழமை எல்லம்மா ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோய் லிங்கத்தின்மேல் ஊற்ற ஆரம்பித்தார். கல்தச்சனைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து பசு வாய்க்கு வழியும் போட்டார். "கெணறு எப்படி இருக்குன்னு அவனும் தெரிஞ்சிக்கட்டும். நீங்க பாட்டில்ல பாக்கறீங்க, அவன் தலைல பாக்கட்டும்" என்று சொன்னார்.

நான் ரிட்டையர் ஆகிற வாரம், கடைசிச் சுற்று. நல்ல வேளையாகத் திங்கட்கிழமை. கிணற்றுத் தண்ணீருக்கு லேபிலிருந்து நல்ல சேதி வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் போனேன். மேடத்துக்குப் போன் போட்டேன். வீட்டிலிருந்தே சொன்னார், "குடிக்கலாம்னு சொல்லுங்க, ஏழுமலை. நீங்களே சொல்லுங்க."

எல்லம்மா குடத்தோடு கோயிலில் நின்றிருந்தார். சொன்னேன். குடத்தைத் தூக்கி லிங்கத்தின்மேல் கவிழ்த்தார். நான் கோமுகி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு கையில் பாட்டில். கொஞ்ச நேரத்தில் பசு வாயில் தண்ணீர் வந்தது, ஒரு விரல் பருமனுக்கு.

"என்ன நாமக்காரரே, பாட்டிலா, கையா?"

கையுறையைக் கழற்றினேன். இடது கை கீழே, வலது கை மேலே. குடித்தேன். கல் வாசனையும் வில்வ வாசனையும் அடித்தது. மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் பாட்டிலை வைத்தேன். மூன்று தரம் அலசி, சரித்து மூடி, இரண்டு மருந்தும் விட்டுக் குலுக்கினேன்.

குடத்திலிருந்து உயரத்தில் ஊற்றினால் காற்று கலக்கத்தான் கலக்கும், இதை ஒரு கணக்கிலும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பார் மேடம். சொல்லட்டும். என் சர்வீசில் அந்த ஆற்றங்கரையில் நான் பார்த்த அழகான பழுப்பு அதுதான். பாட்டில் அடியில் மெதுமெதுவாக, சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் சேர்த்தது போல இறங்கியது.

எல்லம்மா குனிந்து பார்த்தார். "இது நல்லதா கெட்டதா?"

"நல்லதும்மா."

"அத நான் கேனைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.